தையல் பிரித்த பிறகு

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதறேன். இங்க நானும் அம்மாவும் நலம், அங்க நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நலமா இருக்கணும். கடிதம்னா முதல் வரியில எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. ஆனா நலம்னு எழுதினதும் பேனாவைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாத்தேன், நிஜமாவே நலம்தானான்னு. நிஜம்தான். அதனாலதான் எழுத உட்கார்ந்திருக்கேன். ஃபோன்ல சொல்லலாமேப்பான்னு கேப்ப. ஃபோன்ல நீ நடுவுல புகுந்து பேசுவ, நான் உடனே பேச்சை மாத்திருவேன், நம்ம ரெண்டு பேருக்கும் இருக்கற பழக்கம் அது. காகிதம்னா நான் சொல்லி முடிக்கற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகணும். அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் எழுதறேன், முழுசா எழுதுங்க, பாதியில விழுங்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் இன்னிக்கு வேலைக்குக் கிளம்பினா.

ரெண்டு மாசம் முன்னாடி நீ அம்மாவுக்கு அனுப்பின செய்தியை அவ எனக்குக் காட்டினா. ஆபரேஷனுக்கு நான் வரலன்னு அப்பாவுக்கு என் மேல கோபமா, அதான் என்கூடப் பேச மாட்டேங்கறாரான்னு கேட்டிருந்த. அன்னிக்கே பதில் எழுதியிருக்கணும், முடியல. கோபமெல்லாம் இல்லம்மா. எட்டு மாச வயித்தோட உன்னை எந்த விமானத்துல ஏத்துவாங்க. நீயே அடம்பிடிச்சு வந்திருந்தாலும் வாசல்லயே திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். நான் பேசாததுக்குக் காரணம் வேற. நீ ஃபோன் பண்றப்பல்லாம் அப்பா தூங்கறார், அப்பா குளிக்கறார்னு அம்மா சொல்லுவா பாரு, அவ சொன்ன அளவுக்கு நான் குளிச்சிருந்தா இந்நேரம் மீனாகியிருப்பேன். உண்மை என்னன்னா அந்த நாட்கள்ல என்னைக் குளியலறைப் பக்கம் நகர்த்தறதே அவளுக்குப் பெரும்பாடு.

முதல்ல இருந்து சொல்றேன். நெஞ்சுல மூணு அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் பண்ணணும்னு டாக்டர் சொன்னப்போ நான் கேட்டதெல்லாம் உனக்குத் தெரியும், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பா. இதயத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பீங்க, அதுவரைக்கும் ரத்தத்தை ஓட்டற மிஷினுக்குக் கரண்டு போனா என்ன ஏற்பாடு, அந்த மிஷினுக்குக் கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணினாங்கன்னு வரிசையா கேட்டேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் வேற என்ன கேப்பான். அவரும் பொறுமையா பதில் சொன்னார். எல்லாரும் ஆளு தைரியசாலின்னு நெனைச்சாங்க. ஆனா ஆபரேஷனுக்குக் காத்திருந்த அந்தப் பத்து நாளும் நான் பயந்துட்டுத்தான் இருந்தேன். வீட்டுப் பத்திரம், காப்பீட்டுக் காகிதம், கேஸ் இணைப்புச் சீட்டு எல்லாத்தையும் ஒரே உறையில போட்டு, மேல அம்மா பேரை எழுதி அலமாரியில வச்சேன். அதை அவகிட்ட சொல்லல. யார் வந்தாலும் ஜோக் அடிச்சேன். ஆளு போனதும் அந்த உறையை எடுத்து எல்லாம் இருக்கான்னு மறுபடி பாப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நெஞ்சுலயும் ரத்தக்குழாய் எடுத்த கால்லயும் தையல் பிரிச்சாங்க, காயம் அழகா ஆறிடுச்சு, எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம். இனி ஒரு குறையும் இல்லன்னு டாக்டர் கை குடுத்தார். அதுக்கப்புறம்தான் எல்லாம் ஆரம்பிச்சுது. யாருக்கும் வெளிய சொல்ல முடியாத மாதிரி ஆரம்பிச்சுது, ஏன்னா எல்லாரும் என்னைப் பாத்து மறுபிறவி மறுபிறவின்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே பிடிக்கலன்னு எந்த வாயால சொல்றது.

ஜன்னல் ஓரத்துல இருக்கற பழைய நாற்காலியைச் சுவரைப் பாத்துத் திருப்பிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டா வெளிச்சம் கண்ணைக் கூசுதும்பேன். சாப்பாடு வாயில வச்சா காகிதத்தை மென்ன மாதிரி இருக்கும். எந்நேரமும் இடது மணிக்கட்டுல விரலை வச்சு நாடியை எண்ணிட்டே இருப்பேன், எழுபத்தி ரெண்டு, எழுபத்தி அஞ்சு, ஒரு துடிப்பு தள்ளி வந்தாப் போதும் உடம்பெல்லாம் ஜில்லுன்னு ஆயிரும். தினம் நடக்கச் சொல்லியிருந்தாங்க, நான் ரெண்டாவது மாடிப் படி திருப்பம் வரைக்கும் போய் நின்னு எண்ணிப் பாத்துட்டு திரும்பிருவேன். டிவியில சோப்பு விளம்பரத்தைப் பாத்து அழுதேன். ஷூ நாடா ஒரு நாள் சரியா கட்ட வரல, அதுக்கு அழுதேன். அம்மா வாயைத் திறந்தா எரிஞ்சு விழுவேன். என்கூட வேலை பாக்கற நட்டு மாமா இருக்கார்ல, எந்நேரமும் பாக்கெட்டுல நட்டும் போல்ட்டும் குலுங்க வருவாரே, அவர் ஒரு வாரம் தவறாம வந்தார். மாடிப்படியில அந்தச் சத்தம் கேட்டதுமே நான் கண்ணை மூடித் தூங்கற மாதிரி படுத்துக்குவேன். அவருக்கும் தெரியும் நான் முழிச்சிருக்கேன்னு. அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து, இன்னிக்கு எந்தக் கட்டடத்துல எந்த லிஃப்ட் மக்கர் பண்ணுச்சுன்னு என் முதுகுகிட்ட சொல்லிட்டுப் போவார்.

இப்போ சொல்லப்போறதுதான் எழுத வராம ரெண்டு தடவை காகிதத்தைக் கிழிச்சுப் போட்டது. வாண்டு பிறந்த அன்னிக்கு மாப்பிள்ளை வீடியோ அனுப்பினார். அம்மா அதை எடுத்துட்டு ஓடி வந்தா, கண்ணெல்லாம் தண்ணி. நான் பாத்தேன். சிவப்பா, சின்னதா, கையை மடக்கிட்டு என் பேத்தி கிடந்தா. எனக்கு ஒண்ணுமே தோணல. உனக்குப் பிறந்த குழந்தைம்மா. யாரோ பக்கத்து வீட்டு டிவியைப் பாத்த மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ஃபோனைத் திருப்பிக் குடுத்தேன். மூணு அடைப்புன்னு சொன்னப்போ கூட நான் அப்படிப் பயந்ததில்ல. இதயத்தைத் திறந்தப்போ எதையோ உள்ள திருப்பி வைக்க மறந்துட்டாங்கன்னு நெனைச்சேன். அதுக்கப்புறம்தான் உன்கிட்ட பேசறதையே நிறுத்தினேன். பேசினா குரல்ல தெரிஞ்சுரும், பெத்த பொண்ணு கண்டுபிடிச்சுருவாங்கற பயம்.

அந்த வாரத்துல இருந்து மாத்திரையையும் நிறுத்திட்டேன். அம்மா தண்ணியோட கொண்டுவந்து குடுப்பா, வாயில போட்டுக்கற மாதிரி போட்டுட்டு அவ அந்தப் பக்கம் போனதும் எடுத்து, கதவுக்குப் பின்னாடி தொங்கற என் கம்பெனி சட்டைப் பாக்கெட்டுல போட்டுருவேன். சாகணும்னு முடிவு பண்ணினேனான்னு கேட்டா இல்ல. இருக்கணும்னு முடிவு பண்ணல, அவ்வளவுதான். ஒரு நாள் அந்தச் சட்டையில தூசி படிஞ்சிருக்கேன்னு அம்மா துவைக்கப் போட்டுட்டா. பாக்கெட்டுக்குள்ள வெள்ளையும் மஞ்சளுமா களிம்பு. அவ அதைக் கையில எடுத்துட்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்தா. கத்துவான்னு நெனைச்சேன். கத்தல. என்னங்க, இருக்க வேணாம்னு தோணுதான்னு கேட்டா. இவ்வளவு நேரா யாரும் என்னை எதுவும் கேட்டதில்ல. தெரியலன்னு சொன்னேன். சரி, தெரியலன்னா தெரிஞ்சவங்ககிட்ட போவோம்னு சொல்லிட்டு, ஈரக் கையோடயே என் காலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தா. பல் டாக்டர் கிளினிக்ல வரவேற்பு மேசையில இருபது வருஷமா, பல்லு பிடுங்க வந்து நடுங்கறவங்களையெல்லாம் சிரிக்க வச்சு உள்ள அனுப்பறவ அவ. என்கிட்ட மட்டும் அவ சாமர்த்தியம் பலிக்கலயேன்னு ஒன்றரை மாசமா சமையலறையில நின்னு அழுதிருக்கா. அது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஆபரேஷன் ஆனவங்களுக்கு நடைப்பயிற்சி குடுக்கற அறை கீழ்த்தளத்துல இருக்கு, நான் மூணு வாரமா மட்டம் போட்டுட்டு இருந்த இடம். அங்க ஒரு நர்ஸம்மா, என் வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு அதையே தேடிட்டு இருக்கறவங்க. அம்மா மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் முதல்ல டாக்டரைக் கூப்பிட்டு ரத்தம், நாடி எல்லாம் பாக்க வச்சு, அன்னிக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க வச்சாங்க. தப்பிச்சது அதிர்ஷ்டம்னு டாக்டர் சொன்னார். அப்புறம் ஒரு தாளைக் குடுத்தாங்க, ஒன்பது கேள்வி. போன ரெண்டு வாரத்துல எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்தீங்களா, சோர்வா இருந்தீங்களா, இப்படி. நான் எல்லாத்துக்கும் இல்லவே இல்லன்னு டிக் போட்டுக் குடுத்துட்டேன். அந்தம்மா பாத்துட்டு, ஐயா, நெஞ்சைப் பிளந்து தைச்சு ஏழு வாரத்துல ஒரு கவலையும் இல்லன்னு ஒருத்தர் எழுதினா, ஒண்ணு அவர் மகானா இருக்கணும், இல்ல பொய் சொல்லணும், உங்க மூஞ்சி மகான் மூஞ்சி மாதிரி தெரியலன்னாங்க. ஏழு வாரத்துல முதல் தடவையா எனக்குச் சிரிப்பு வந்துச்சு, நெஞ்செலும்பு வலிச்சுது. வேற தாள் வாங்கி உண்மையை எழுதினேன். கடைசிக் கேள்வி செத்துட்டாத் தேவலன்னு தோணுச்சான்னு, அதுக்கும் ஆமான்னு டிக் போட்டேன். அந்தம்மா தாளைப் பாத்துட்டு, இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு மட்டும் சொன்னாங்க.

அன்னிக்கு மதியமே மனநல டாக்டரைப் பாக்க அனுப்பிட்டாங்க. ஆறாவது மாடி. நான் படியேறிப் போனேன். ஒவ்வொரு மாடியிலயும் உட்கார்ந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் தாமதம். சின்ன வயசுப் பொண்ணு அந்த டாக்டர், உன்னைவிட ரெண்டு மூணு வயசு கூட இருக்கலாம். லிஃப்ட் வேலை செய்யலயான்னு கேட்டாங்க. வேலை செய்யுது, எனக்குத்தான் அது மேல நம்பிக்கையில்லன்னேன். அப்பதான் என் பக்கத்துல மூச்சு வாங்கிட்டு நின்ன அம்மா, இவர் லிஃப்ட் மெக்கானிக்குன்னு போட்டுக் குடுத்தா. அந்தப் பொண்ணு சிரிக்காம இருக்கப் படாதபாடு பட்டுச்சு. எனக்கு அந்தப் பெட்டி மேல பயமில்ல, உள்ள போய்க் கதவு சாத்தினதும் ரெண்டு மாடிக்கு நடுவுல இதயம் நின்னுட்டா யார் வருவாங்கங்கற பயம். இத்தனை வருஷத்துல எத்தனை பேரை மாட்டிக்கிட்ட லிஃப்ட்ல இருந்து இறக்கியிருக்கேன். உள்ள இருந்து அலறினவங்களைப் பாத்து, அஞ்சு நிமிஷத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன். ஒரு அம்மா வெளிய வந்தப்புறமும் என் மணிக்கட்டை விடவே இல்ல, எனக்கு அடுத்த வேலைக்கு நேரமாச்சும்மான்னு விரலைப் பிரிச்சு எடுத்துட்டு வந்தேன். அந்த அம்மா முகம் இப்போ அடிக்கடி ஞாபகம் வருது.

அந்த டாக்டர் எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்றேன். இந்த ஆபரேஷன் பண்ணிக்கறவங்கள்ல நாலைஞ்சு பேருக்கு ஒருத்தருக்கு இப்படி வருமாம். சிலருக்குப் பத்து நாள்ல தானா போயிரும், சிலருக்குப் போகாது. இது கோழைத்தனமும் இல்ல, நன்றி கெட்டத்தனமும் இல்ல, சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி, மருந்து இருக்கு, வழி இருக்கு. கவனிக்காம விட்டா ஆறின இதயத்தையும் இது இழுத்துக் கீழ போட்டுரும்னாங்க. நான் பேத்தியைப் பாத்து ஒண்ணும் தோணாததைச் சொன்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, பாசம் போயிருந்தா நீங்க அதுக்காக இவ்வளவு வேதனைப்பட மாட்டீங்க, அது உள்ளதான் இருக்கு, இந்த வியாதி மேல உட்கார்ந்திருக்குன்னு சொன்னாங்க. நான் அப்போ அதை நம்பல. ஆனா எழுதி வச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒரேயடியா விடிஞ்சுரலம்மா. இதயத்துக்கு ஆகாதது எதுவும் இல்லாம பாத்து ஒரு மாத்திரை எழுதினாங்க, மூணு வாரம் அது என்ன பண்ணுதுன்னே தெரியல, வாய்தான் வறண்டுச்சு. வாரம் ஒரு தடவை போய்ப் பேசணும். நான் பேசறதுக்கு என்ன இருக்குன்னு உட்கார்ந்திருப்பேன், அந்தப் பொண்ணும் அவசரப்படாம உட்கார்ந்திருக்கும். நாடி எண்ணறதை நாளைக்கு மூணு தடவைன்னு குறைக்கச் சொன்னாங்க, கை தானா போறப்பல்லாம் ஒரு நோட்டுல கோடு போடச் சொன்னாங்க. முதல் நாள் அறுபத்தி மூணு கோடு. நடைப்பயிற்சி அறையில நர்ஸம்மா பெல்ட் மிஷின்ல ஏத்தி நெஞ்சுல ஒயரை ஒட்டி, இதோ பாருங்க நூத்திப் பத்து, ஒண்ணும் ஆகல, இதோ நூத்திப் பதினெட்டு, இன்னும் இருக்கீங்கன்னு வர்ணனை குடுப்பாங்க. லிஃப்ட்டுக்கு அந்த டாக்டரே என்கூட வந்தாங்க. முதல் நாள் உள்ள நின்னு கதவைத் திறந்தே வச்சுட்டு வெளிய வந்தோம். அடுத்த வாரம் ஒரு மாடி. அதுக்கடுத்த வாரம் நட்டு மாமா வந்தார், ஆறு மாடியும் ஏறி இறங்கினோம். நாலாவது மாடி தாண்டறப்போ லொடலொடன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ரோலர் தேஞ்சிருக்குன்னோம். அதைப் பத்தியே பேசிட்டு கீழ வந்து சேர்ந்தப்புறம்தான் நான் மணிக்கட்டைத் தொடவே இல்லன்னு தெரிஞ்சுது.

வாண்டு விஷயமும் அப்படித்தான் வந்துச்சு, சொல்லாம கொள்ளாம. ஒரு நாள் காலையில அம்மா பழைய வீடியோவைப் போட்டுப் பாத்துட்டு இருந்தா, நான் டீ ஆத்திட்டு இருந்தேன். அதுல வாண்டு தும்மிட்டு, அந்தத் தும்மலை யாரோ வேற ஆளு போட்ட மாதிரி சுத்திமுத்தி முறைச்சுப் பாத்தா பாரு. அச்சு அசல் நீதான் அது. நான் டீயைக் கீழ வச்சுட்டு மறுபடி போடுன்னேன். மறுபடி போடுன்னேன். எத்தனை தடவைன்னு தெரியல, டீ ஆறிப் போச்சு. அன்னிக்குத்தான் நான் உனக்கு ஃபோன் பண்ணினது. பேசினதெல்லாம் வெயில் மழையைப் பத்திதான், ஆனா பேசினேன்.

இப்போ நோட்டுல ஒரு நாளைக்கு நாலஞ்சு கோடுதான். அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பறேன், ஏணி ஏறாத வேலை, புதுசா வர்றவங்களுக்கு ரிப்பேர் புத்தகம் எழுதிக் குடுக்கறது. மாத்திரை இன்னும் கொஞ்ச மாசம் இருக்கு, நல்லாயிட்டேன்னு நானா நிறுத்தக் கூடாதுன்னு அந்த டாக்டர்ப் பொண்ணு என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாங்க. சில நாள் காலையில பழைய கனம் வந்து உட்காரும். இருந்துட்டுப் போகட்டும்னு ஷூவை மாட்டிட்டு நடக்கப் போயிருவேன்.

இவ்வளவையும் எழுதினது என் கதை சொல்றதுக்கு மட்டும் இல்ல. போன வாரம் பேசறப்போ, குழந்தை தூங்கறப்போ கூட எனக்குத் தூக்கம் வரலப்பா, சும்மா படுத்துக் கூரையைப் பாத்துட்டு இருக்கேன்னு சொன்ன. அம்மா ஏதோ கேட்டதுக்கு, எல்லாம் நல்லாத்தான் போகுதுன்னு சொன்ன. வார்த்தை சரியா இருந்துச்சு, குரல்ல ஆளே இல்ல. வேற யாரா இருந்தாலும் தூக்கக் குறைவுன்னு விட்டிருப்பாங்க. எனக்கு அந்தக் குரல் தெரியும், ரெண்டு மாசம் நான் அதை வச்சுத்தான் குடும்பம் நடத்தினேன். பிள்ளை பெத்தவங்களுக்கும் இது வரும்னு அந்த டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒருவேளை நான் தப்பாக் கூட இருக்கலாம், இருந்தா சந்தோஷம், நீ என்னைக் கேலி பண்ணிக்கோ. ஆனா இந்த வாரமே உன் டாக்டரைப் போய்ப் பாரு. மாப்பிள்ளைகிட்ட இன்னிக்கே சொல்லு, இந்தக் கடிதத்தையே குடுத்துப் படிக்கச் சொல்லு. வாண்டைப் பாத்து உனக்கு எது தோணினாலும், எது தோணாட்டாலும் நீ கெட்ட அம்மா இல்ல. இதை நான் ஆறுதலுக்குச் சொல்லல, பட்டுத் தெரிஞ்சுட்டுச் சொல்றேன். ராத்திரி பகல்னு பாக்காம எந்நேரமும் கூப்பிடு, நான் குளிச்சுட்டு இருக்க மாட்டேன்.

பயணத்துக்கு இதய டாக்டர் சரின்னுட்டார். இருபத்தி ரெண்டாம் தேதி மதியம் நானும் அம்மாவும் அங்க வந்து இறங்கறோம், ஆறு வாரம் இருப்போம். சமையல் அம்மா பாத்துக்குவா. வாண்டைத் தூக்கலாமான்னு நர்ஸம்மாகிட்ட கேட்டேன், தாராளமா தூக்குங்க, கீழ வைக்கத்தான் மனசு வராதுன்னாங்க. நீ தூங்கு. உங்க மூணு பேருக்கும் என் ஆசி எப்பவும் உண்டு, எந்தக் குறையும் இல்லாம, குறை வந்தாலும் வெளிய சொல்லத் தயங்காம நீ நல்லா இருக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. நாங்க வர்ற அன்னிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தறேன், தலை வாரறேன், சிரிச்ச முகமா நிக்கறேன்னு ஒண்ணும் பண்ணாத. எப்படி இருக்கியோ அப்படியே வந்து கதவைத் திற.

இப்படிக்கு,
உன் மேல ஒரு நாளும் கோபப்படாத
அப்பா